ஃபவுண்டரி லைனில் மட்டும் பெய்த மழை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஞானசுந்தரியின் போனில் அந்தச் செய்தி மறுபடியும் வந்தது. கோலார் மாவட்டத்தில் அடுத்த ஐந்து நாட்களுக்கு ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்று கன்னடத்தில் போட்டிருந்தது. போன திங்களும் இதே ஐந்து நாள்தான். அதற்கு முந்தின திங்களும் இதே ஐந்து நாள்தான். ஜூலை பிறந்ததிலிருந்து அந்த ஐந்து நாள் முடியவும் இல்லை, மழை வரவும் இல்லை.

"அந்த ஓரிரு இடம் எங்க கீதுன்னு யாராவது காட்டுங்க, குடத்த தூக்கினு நடந்தே போறேன்" என்றாள், வாசலில் நின்று. யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் வானத்திடம்தான். அது துடைத்து வைத்த மாதிரி கிடந்தது.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் ஃபவுண்டரி லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டின நூற்று நாற்பது வரிசை வீடு. குழாயில் தண்ணீர் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போர்வெல் மார்ச்சிலேயே கைவிரித்துவிட்டது. ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை இலவச டேங்கர் லாரி வந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு எட்டுக் குடம். ஆகஸ்ட் முதல் தேதி அதுவும் நின்றது. "உங்க வார்டு லிஸ்ட்ல இல்லக்கா" என்றான் டிரைவர் ரவிகுமார். ஏன் இல்லை என்று அவனுக்கே தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வார்டுக்குப் போகிற லாரி தினமும் இவர்கள் வாசலைத் தாண்டித்தான் போனது, பின்னால் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு. விலைக்கு வாங்கலாமென்றால் தனியார் டேங்கர்காரன் முழு லோடையும் சம்ப்பில், தரைக்கடித் தொட்டியில்தான் கொட்டுவான். லைன் வீட்டில் சம்ப்புக்கு எங்கே போவது? மூன்று வாரமாக ஊரிகம் பக்கம் போய் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு குடம் தூக்கி வருகிறார்கள்.

இதெல்லாம் லைனுக்கே உள்ள கஷ்டம். ஞானசுந்தரிக்கென்று தனியாக ஒன்று இருந்தது. மகள் ஷாலினிக்கு சனிக்கிழமை பெண் குழந்தை பிறந்திருந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஆனால் பங்காருபேட்டையிலிருந்து சம்பந்தியம்மா போனில் மெதுவாகத்தான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்சப் புள்ள, தெனம் தண்ணி ஊத்தணும், துணி அலசணும். உங்க லைனுக்கு தண்ணி வந்துடிச்சின்னா அங்க வரட்டும். இல்லாட்டி எங்க வீட்டுக்கு கூட்டினு போயிடறோம். எங்களுக்கு போர் ஓடுது." அதில் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பேத்தியைக் குளிப்பாட்ட ஒரு மாதம் முன்பே வாங்கிவைத்த நீல பிளாஸ்டிக் டப் சமையல்கட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒட்டின விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல்.

பத்து மணிக்கு முனிசிபல் ஆபீஸில் போய் நின்றாள். தண்ணீர் பிரிவு இன்ஜினியர் சரத் முப்பது வயதுகூட ஆகாத ஆள். எழுந்து நாற்காலி காட்டினார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"நோடி அம்மா, பாருங்க, லிஸ்ட் நான் போடறதில்ல. மழை மெஷின்தான் போடுது. வார்டுக்கு ஒண்ணு ஜூன்ல வெச்சோம். எத்தனை மில்லிமீட்டர் விழுதோ அது நேரா பெங்களூருக்குப் போயிடும். கம்மி விழுந்த வார்டு வறட்சி வார்டு, டேங்கர் உண்டு. நெறய விழுந்த வார்டுக்கு இல்ல."

"எங்க வார்டுல நெறய விழுந்திச்சா?"

சரத் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "ஜூலைல மட்டும் நூத்தித் தொண்ணூத்தெட்டு. பக்கத்து வார்டுல பதினொண்ணு."

ஞானசுந்தரி திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள்.

"நடுவுல ஒரு ரோடுதான சார் கீது" என்றாள். "அத்த தாண்டறதுக்கு மழைக்கு கால் வலியா?"

"எனக்கும் ஆச்சரியம்தான். ஆனா டெய்லி பெய்யுதம்மா. ஒரு நாள் தப்பல. ஆறு புள்ளி நாலு, ஆறு புள்ளி ரெண்டு, மறுபடி ஆறு புள்ளி நாலு. எல்லாம் காலைல ஆறு மணிக்கு மேல, ஆறேகாலுக்குள்ள."

"ஓகோ, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு வருதா மழை? சுரங்கத்து ஆளுக்கு குடுக்கற மாதிரி டிக்கெட் நம்பர் எதுனா குடுத்திருக்கீங்களா அதுக்கு?"

சரத் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவள் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சிரிக்காதீங்க. நூத்தி நாப்பது வீட்டு ஜனம் மழை இல்லன்னு சொல்றோம். யாரும் கேக்கல. ஒரு மெஷினு மழை வந்திச்சின்னு சொல்லுது, அத்த பெங்களூரு வரைக்கும் கேக்கறாங்க. எங்களுக்கு கண்ணு இல்லியா? எங்க வூட்டு கூரை மேல பெய்யாத மழை எவன் வூட்டு கம்ப்யூட்டர்ல பெய்யுது?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா. ரிப்பேரா இருந்தா பாக்கறேன். நாளைக்கு பத்து மணிக்கு நானே வரேன். உங்க புத்த விகார் பக்கத்துல கீதே வெள்ளை கம்பம், அதுதான்." பிறகு, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அது மட்டுமில்ல, அஞ்சு நாள்ல மழை வரும்னு முன்னறிவிப்பு இருக்குது" என்றார்.

"வெச்சிக்குங்க அந்த அஞ்சு நாள" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. மெஷின் பொய் சொல்லாது, சரி. ஆனால் சொல்லவைக்கலாமே. தினம் ஒரே நேரம், ஒரே அளவு. இது வானத்து வேலையே இல்லை, மனுஷன் வேலை. எவனோ வந்து அதில் என்னவோ செய்துவிட்டுப் போகிறான். எங்கள் லாரியை எந்த ஹோட்டலுக்கு, எந்தக் கல்யாண மண்டபத்துக்குத் திருப்பிவிடுகிறானோ. அகப்படட்டும், அவனைப் போனில் படம் எடுத்து ஊர் முழுக்கக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் சம்பங்கி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடும்வரை கேஜில், அந்த இரும்புக்கூண்டு லிஃப்டில், ஆட்களை இறக்கி ஏற்றியவர். அதன் பிறகு இருபது வருஷம் ரயிலேறி பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டு, இப்போது மூச்சிரைப்போடு வீட்டில் இருக்கிறார். அவர் ஒரு காலத்தில் ஆட்களை இறக்கிய சுரங்க அடுக்கெல்லாம் இன்று தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, குடிக்க உதவாத தண்ணீர். தினமும் விடிந்ததும் விகாரைக்குப் போய்க் கூட்டி, விளக்கேற்றி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"மழை மெஷினாமே, நம்ம விகார் பக்கத்துல வெச்சிருக்கானுங்களாமே" என்றாள்.

"அங்கியா?" சம்பங்கி உண்மையாகவே யோசித்தார். "தெனம் போறேன், அப்பிடி ஒண்ணும் நான் பாக்கலியே சுந்தரி."

"நீங்க எத்த பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு ஊரிகம் பக்கம் தண்ணீருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தோடு நேரே விகாரைக்குப் பின்னால் போய் சுவரோரம் உட்கார்ந்தாள். அங்கே ஆறு கம்பம் நின்றது. அதில் ஐந்து, வைகாசிப் பௌர்ணமியன்று லைன் இளைஞர் சங்கம் நட்டது. வெயிலில் பறவைகள் தண்ணீர் கிடைக்காமல் சாகின்றன என்று, கம்பத்துக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்து, சாதுவைக் கூப்பிட்டு முதல் தண்ணீர் ஊற்றவைத்தார்கள். ஆறாவதும் அதே உயரம், அதே வெள்ளை. ஒரு சின்ன சோலார் பலகை மட்டும் அதிகம். எவனோ வந்து நட்டுவிட்டு, நாளைக்கு வேலி போடுகிறோம் என்று போனவன் போனவன்தான். இதுதான் மெஷின் என்று ஒரு போர்டாவது வைத்தானா என்றால் அதுவும் இல்லை. இத்தனை நாள் அவளும் இந்தப் பக்கமாக நூறு தடவை போயிருக்கிறாள், ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

ஆறு அடித்தது. போனைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் கேட்டது. மூச்சிரைக்கும் சத்தமும் கேட்டது.

சம்பங்கிதான். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர். முதல் கிண்ணத்தில் விழுந்திருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீரை நிரப்பினார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பிறகு ஆறாவது கம்பத்துக்குப் போனார். எக்கி உள்ளே பார்த்து, த்சு என்று தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு டம்ளர் நிறைய மொண்டு மெதுவாக ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞானசுந்தரியின் கையில் போன் படம் எடுத்தபடியே இருந்தது. நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அய்யோ மனுஷா" என்று எழுந்தாள். "இன்னா பண்றீங்க?"

திடுக்கிட்டதில் சொம்பிலிருந்து தண்ணீர் தளும்பியது. "தண்ணி எடுக்க போலியா நீ? குருவிக்கு வெக்கிறேன். இந்த ஒண்ணு மட்டும் ஓட்ட. எத்தினி ஊத்தினாலும் நிக்க மாட்டேங்குது. சங்கத்து பசங்க கிட்ட ரெண்டு தபா சொல்லிட்டேன், ஒருத்தனும் சரி பண்ணல. ஆனா பாவம், இதுலயும் வந்து ஒக்காருதுங்க. ஊத்தற நேரத்துல ஒரு வாய் குடிச்சிக்கும்னு…"

"அது கிண்ணம் இல்லங்க. அதுதான் மெஷினு."

சம்பங்கிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜூன் மாதத்திலிருந்து தினம் ஒரு டம்ளர். ஒரு டம்ளர் தண்ணீர் பெங்களூரு போய்ச் சேரும்போது ஆறு புள்ளி நாலு மில்லிமீட்டர் மழை. நூற்று நாற்பது வீட்டுத் தண்ணீரை இந்த மனுஷன் டம்ளரால் ஊற்றிக் கெடுத்திருக்கிறார், அதுவும் சொந்தப் பேத்தி வீட்டுக்கு வர வேண்டிய நேரத்தில். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது, வாரத்தில் மூன்று நாள் அவர் குளிக்காமல் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. குளிர்கிறது என்றுதான் சொல்வார். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. திட்டு பாதியில் நின்றுபோனது.

"யாருக்கும் தெரிய வாணாம் சுந்தரி" என்றார் சம்பங்கி. "நாளைலருந்து இதுல ஊத்தல. அவ்ளோதான. லைன்ல தெரிஞ்சா எப்பிடி மூஞ்சி காட்டறது?"

"ஊத்தாம வுட்டா இனிமே கணக்கு ஏறாது. இதுவரைக்கும் ஏறின கணக்கு எப்பிடி எறங்கும்? நேத்து அந்த ஆபீஸ்ல உண்மைய பேசறேன்னு மேஜைய தட்டிட்டு வந்தேன். இன்னிக்கு எனக்கு தோதுன்னு மறைக்கவா? சொல்லித்தான் ஆகணும்."

பத்து மணிக்கு சரத் வந்தார். வந்த வேகத்தில் அவள் போனை நீட்டினாள். அவர் படத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்த ஐந்து கிண்ணத்தையும் பார்த்தார். முகம் சிவந்தது. தலைகுனிந்து நின்ற சம்பங்கியிடம், "உங்க தப்பில்ல பெரியவரே, வேலியும் போர்டும் போடாதது எங்க தப்பு" என்றார். நல்ல பிள்ளைதான். உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

மேலதிகாரி தமிழில்தான் பேசினார். "ஏறின டேட்டாவை எடுக்க முடியாது சரத். எடுக்கணும்னா மெஷின்ல கைவெச்சாங்கன்னு ரிப்போர்ட் போடணும். போட்டா அந்த ஆள் மேல கேஸ் வரும். வேணுமா? விடுங்க. நாளைலருந்து இருபத்தொரு நாள் தொடர்ந்து மழை இல்லன்னு காட்டினா வார்டு தானா லிஸ்ட்ல ஏறிடும். நடுவுல ரெண்டரை மில்லிமீட்டர் விழுந்தா மறுபடி முதல்லருந்து. அதான் ரூல். அதுக்குள்ள மழையே வந்துடும், முன்னறிவிப்பு பாக்கல?"

போனை வைத்ததும் சரத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன் மாடோதும்மா" என்றார் கன்னடத்தில், என்ன செய்ய முடியும் என்று.

"ஒண்ணு கேக்கறேன் சார்" என்றாள் ஞானசுந்தரி. குரலை உயர்த்தவில்லை. "குருவிக்கு ஊத்தின தண்ணிய மழைன்னு நம்புனீங்க. தினம் நம்புனீங்க. ஆறு மணி மழை ஒரே மாதிரி பெய்யுதேன்னு எவனுக்கும் ஒரு சந்தேகம் வர்ல. இப்ப நேரா நின்னு, அது மழை இல்ல, எங்க வூட்டு தண்ணின்னு சொல்றேன், படம் காட்டறேன். இத்த நம்பறதுக்கு இருபத்தொரு நாளா? பொய்ய ஏத்திக்கிறதுக்கு ஒரு நிமிஷம், உண்மைய ஏத்தறதுக்கு மூணு வாரம். இது இன்னா ரூலு சார்? எவன் எழுதினது? அவன் வூட்டுல குழந்தைங்க இல்லியா?"

சரத் போகும்போது அவள் நம்பரைக் குறித்துக்கொண்டு, தினமும் காலை எட்டு மணிக்கு வார்டு மழைக் கணக்கைத் தானே அனுப்புவதாகச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பங்காருபேட்டைக் கார் வந்து நின்றது. ஷாலினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு குடமானாலும் சமாளிச்சிக்கலாம்மா, வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள். ஞானசுந்தரிதான் வேண்டாமென்றாள். ஆறு நாள் பிள்ளையின் துணியை எதில் அலசுவது? சம்பந்தியம்மா குழந்தையை வாங்கி ஞானசுந்தரியின் கையில் ஒரு தடவை கொடுத்தாள். "தண்ணி வந்ததும் ஒரு போன் பண்ணுங்க. நானே கொண்டாந்து வுடறேன்" என்றாள். கார் போனபிறகு அழுகை வரவில்லை. சண்டை போட ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஃபவுண்டரி லைன் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டது. சம்பங்கி பயந்த மாதிரி யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. நாலாவது வீட்டு மரியகுழந்தை மட்டும், "அண்ணே, எங்க தோட்டத்துக்கும் ஒரு டம்ளர் மழை போட்டு போறது" என்றாள். மற்றபடி விஷயம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னும் பத்தொன்பது, இன்னும் பதினைந்து, இன்னும் பத்து என்று தண்ணீர் வரிசையில் நின்றபடி நாள் எண்ணினார்கள். தினமும் எட்டு மணிக்கு சரத்திடமிருந்து பூஜ்யம் வந்தது. திங்கட்கிழமை தவறாமல் ஐந்து நாளில் மழை என்ற செய்தியும் வந்தது. சம்பங்கி ஐந்து கிண்ணத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். ஆறாவதின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் பயந்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஞானசுந்தரி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது கையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மைசூர் மைன்ஸ் பக்கமிருந்து ஒரு சாம்பல் மேகம், ஒரே ஒரு மேகம், லைனுக்கு மேலே வந்து நின்றிருந்தது. அடுத்த சொட்டு விழுந்தது. லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. பெண்கள் குடத்தையும் பக்கெட்டையும் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இன்னும் இரண்டே நாள் பாக்கி.

ஞானசுந்தரி உள்ளே ஓடினாள். ஆணியிலிருந்து நீல டப்பை எடுத்துக்கொண்டு விகாரைக்கு ஓடினாள். சம்பங்கி மூன்றாவது கிண்ணத்தருகே சொம்போடு நின்றிருந்தார். அவள் ஆறாவது கம்பத்துக்குப் போய், பேத்திக்கு வாங்கின டப்பை அதன் தலையில் கவிழ்த்து, காற்றுக்கு விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சுந்தரி" என்றார் சம்பங்கி. "இது தப்பில்லியா?"

"தப்புதான்."

"அன்னிக்கு நான் மறைக்கலாம்னு சொன்னப்ப வாணாம்ன?"

"அன்னிக்கு உண்மைய சொன்னேன். எடுபட்டிச்சா?"

தூறல் அவள் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, டப்பின் மேல் தட்தட்டென்று விழுந்தது. லைன் பெண்கள் நான்கைந்து பேர் வந்து எட்ட நின்று பார்த்தார்கள். மரியகுழந்தை மட்டும் வந்து டப்பின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் மேகம் நகர்ந்து போனது. வெயில் வந்தது. வாசல்களில் வைத்த குடங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்கள். அடி நனைந்திருந்தது. நூற்று நாற்பது வீட்டுக் குடத்தையும் ஒன்றாகக் கவிழ்த்தாலும் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டக் காணாது.

எட்டு மணிக்கு போன் மணியடித்தது. சரத் அனுப்பியிருந்தார். ஃபவுண்டரி லைன், பூஜ்யம். பத்தொன்பதாம் நாள்.

ஞானசுந்தரி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் படித்தாள். சம்பங்கியிடம் காட்டினாள்.

"பாருங்க" என்றாள். "மூடி புடிச்சாத்தான் அந்த மெஷினு, நமக்கு தண்ணி இல்லன்னு உண்மைய சொல்லுது."